ஆடாமல் நின்ற சட்டை

காணாமல் போன வரதன் கருங்குழிக் கொட்டாயில் இருக்கிறான் என்று முதலில் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். சொன்னது அவன் குப்பத்துக் கருவாட்டுக்காரி ஆதியம்மாளிடம். ஆதியம்மாள் அதைத் திருக்கழுக்குன்றம் சந்தையில் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்த கையோடு சின்னப்பொண்ணிடம் சொல்லிவிட்டாள்.

"இன்னாடி, காதுல விழுதா? உன் வூட்டுக்காரன் கருங்குழி கொட்டாயில வரானாம்."

"கொட்டாயில அவருக்கு இன்னாக்கா வேலை?"

"வேலைக்கு இல்லடி. படத்துல. வெள்ளைத் துணியில தெரியிறானாம். கண்டக்டரு மூர்த்தி கீறாரே, அவரு பாத்தாராம். ஒரு தபா மூஞ்சியத் திருப்பறான், நம்ம பஸ்ல கூடை ஏத்துற வரதனேதான்னு அடிச்சிச் சொல்றாரு."

சின்னப்பொண்ணு எதிரில் நின்றவளுக்கு நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டாள். அள்ளிக்கொண்டே இருந்தாள். வாங்க வந்தவள் முந்தானையைச் சுருக்கிக்கொண்டு, "போதும்மா, நானு ஒரு குழம்புதான் வெக்கப் போறேன்" என்றாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டினாற்போல் இருந்த குப்பம் அவர்களுடையது. எழுபத்து நாலாம் வருஷம் கந்த சஷ்டி அன்று, குப்பமே திருப்போரூருக்கு சூரசம்ஹாரம் பார்க்கப் போயிருந்தது. கடலும் அன்று கெட்டுக் கிடந்தது. கட்டுமரங்களை எல்லாம் மேட்டில் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போனார்கள். வரதன் மட்டும் போகவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் சினிமாக் கம்பெனி ஒன்று வந்து இறங்கியிருந்தது. அவர்களுக்கு நன்றாக நீந்தத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டியிருந்தது. சின்னப்பொண்ணின் அண்ணன் தணிகைவேல்தான் கம்பெனிக்கு உள்ளூரில் கூடமாட ஒத்தாசை. அவன் வந்து, "மச்சான், ஒரு முழுக்கு போட்டுட்டு வந்துடு, மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

சூரனைத் தலை வாங்கியதைப் பார்த்துவிட்டு சின்னப்பொண்ணு வீடு திரும்பியபோது வரதன் இல்லை. கம்பெனியும் இல்லை. தணிகைவேல்தான் வாசலில் நின்றான். "படம் புடிச்சி முடிஞ்சிச்சு. அவங்க வேன்லயே பட்டணம் போயிட்டான். அங்க இன்னும் வேலை கீதாம். வந்துருவான்" என்றான். அவன் வரவில்லை. பொங்கல் போய், தீபாவளி போய், மறு சஷ்டியும் வந்து போய்விட்டது.

ஊர் கூடிக் கேட்டபோதும் தணிகைவேல் சாமி மேல் ஆணையிட்டு அதையே சொன்னான். குப்பத்துக்கு இது போதும். வரதன் சினிமாக்காரர்களோடு ஓடிவிட்டான் என்று ஆயிற்று. குழாயடியில் பெண்கள் அவளுக்கு வழிவிடும்போது, "உன் வூட்டுக்காரருக்கு எப்ப ஆளுயர பேனர் வெப்பாங்க? சொல்லு, நாங்க மாலை எடுத்தாரோம்" என்பார்கள். கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு அவள் முன்னால் வந்ததும் ஒரு கணம் தயங்கும். கொடுப்பதா, விடுவதா என்று தட்டை ஏந்தியவளுக்கே தெரியாது. தாலி கழுத்தில் இருந்தது. கடலில் போய் உடம்பு கிடைக்காதவனுக்கு ஊர்ப் பெரியவர்களான நாட்டார் கூடி முடிவு சொன்னால்தான் காரியம் செய்வது அந்தக் கரையின் வழக்கம். வேனில் ஏறிப் போனவனுக்கு யார் முடிவு சொல்வார்கள்? ஓடிப்போனான் என்று நினைத்தால் அவளுக்கு அவனை வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல இருக்கும். திட்ட வாயெடுத்தால், ஒருவேளை எங்காவது செத்துக் கிடந்தால், என்று நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருமுறை தனியாகப் பட்டணம் போய் ஏதோ ஒரு ஸ்டுடியோ வாசலில் பொழுதெல்லாம் நின்றாள். காவல்காரர், "வேஷம் கேக்க வந்தியா? மீன் வாசனையோட வந்தா யாரும்மா குடுப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே துரத்திவிட்டார். அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

அதனால்தான் கருங்குழிப் பேச்சு அவளை அப்படிப் பிடித்தாட்டியது. படத்தில் இருக்கிறான் என்றால் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருந்தால் போதும், வராவிட்டாலும் போகிறது. அண்ணனிடம் போய், "கூட வா, பாத்துட்டு வந்துரலாம்" என்றாள்.

தணிகைவேல் அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கண்ராவியெல்லாம் உனக்கு எதுக்கு? எவனோ ஒருத்தன் அவன மாதிரி கீறான். பேஜாரு புடிச்ச வேலை. போவாத" என்றான்.

"மாதிரி கீறவனப் பாத்துட்டு வரேன். அதுல இன்னா தப்பு?"

"சொன்னா கேளு, சின்னப்பொண்ணு."

அவள் கேட்கவில்லை. ஆதியம்மாளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு போய், அங்கே வேறு பஸ் பிடித்துக் கருங்குழியில் இறங்கினாள். ராத்தங்கலுக்குக் கண்டக்டர் மூர்த்தி தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவர் மனைவி வச்சலா தலைக்கு எண்ணெய் தேய்த்து, பூ வைத்து அனுப்பினாள். "புருஷன பாக்கப் போறே, சும்மாவா?" என்றாள். சின்னப்பொண்ணு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

கொட்டாய் என்றால் கீற்றுக் கூரை, மூன்று பக்கம் தட்டி, தரையில் மணல். பெண்கள் பக்கத்துக்கு இடுப்பளவு மண் சுவர். ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கு விற்கிறவன் அதற்குள் ஒரு சுற்று வந்துவிடுவான். படம் ஒரு எஞ்சினியரைப் பற்றியது. அவர் பாலம் கட்டுகிறார். சிமெண்டில் நடந்த மோசடி தெரிந்தும் கையெழுத்துப் போடுகிறார். பாலம் இடிந்து ஆட்கள் சாகிறார்கள். மேஸ்திரி ஒருவன் மேல் பழி விழுந்து அவன் ஜெயிலுக்குப் போகிறான். எஞ்சினியருக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. மேஸ்திரியின் மனைவி வந்து அவர் காலிலேயே விழுந்து, "நீங்கதான் சாமி காப்பாத்தணும்" என்கிறாள். ஆதியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "பாவம்டி இவரு. நல்ல மனுசன்" என்றாள்.

"எப்பக்கா வருவாரு?" என்றாள் சின்னப்பொண்ணு.

"யாரு, உங்காளா? இரு, கடல் வந்தாத்தான வருவான்."

கடல் வந்தது. சின்னப்பொண்ணுக்கு முதலில் தெரிந்தது கரைதான். தோப்பின் ஓரம், மணலில் பாதி புதைந்த பாறை, அதன் மேல் அவளே துணி உலர்த்தியிருக்கிறாள். அந்தப் பாறையைத் தாண்டி ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், காலில் பூட்ஸ். எஞ்சினியர் சாகப் போகிறார் என்று கொட்டாய் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து செருப்புக்கூடப் போடாதவன் பூட்ஸ் போட்டால் எப்படி நடப்பானோ, அப்படிப் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து நடந்தான். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் ஒரு தடவை திரும்பினான். போகட்டுமா என்று யாரையோ கேட்கிற மாதிரி. வரதன்தான். அந்தப் பார்வையில் லேசாக ஒரு வெட்கம்கூட இருந்தது.

அவள் ஆதியம்மாளின் கையைப் பற்றினாள். வளையல் அழுந்துகிற மாதிரிப் பற்றினாள். "கீறாருக்கா" என்றாள்.

வரதன் உடைகிற அலைகளுக்கு அடியில் முழுகி முழுகி அந்தப் பக்கம் போனான். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. அலை உடைகிற இடத்துக்கு அப்பால் தலை மட்டும் தெரிந்தது, ஏறியது, இறங்கியது. எஞ்சினியரின் குரல் அதன் மேல் பேசியது. நான் செய்த பாவம், என் கை போட்ட கையெழுத்து, யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்று அழுதது. பிடில்கள் உயர்ந்தன. அப்போது அந்தத் தலைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று மேலே வந்தது. சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தான். அலை அவனை ஏற்றி இறக்கியது. சட்டை ஆடவில்லை.

அந்தக் கரையில் கட்டுமரத்தில் போகிறவர்களுக்குத் துணிதான் வாய். துணியைச் சுழற்றினால் மீன் கண்டாயிற்று, வலையோடு வா என்று அர்த்தம். பக்கவாட்டில் வீசினால் அந்தத் திசையில் விலகிப் போ. ஆட்டாமல் நேராகத் தூக்கிப் பிடித்தால் ஒன்றே ஒன்றுதான்: முடியவில்லை, ஆள் வா. பிள்ளைகள் மற்ற சாடைகளை வைத்து விளையாடுவார்கள். இதை வைத்து விளையாடினால் பெற்றவர்கள் முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள்.

ஆதியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "ஆளு கேக்குறான்" என்றாள் திரையைப் பார்த்து. பிறகு பெரிதாக, "ஆளு கேக்குறான், போங்கடா, எவனாச்சும் போங்கடா" என்று கத்தினாள்.

"யம்மா, ஒக்காரு, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவன், "பயப்படாத ஆயா, அவரு சாவ மாட்டாரு. இன்னும் ரெண்டு பாட்டு கீது" என்றான். கொட்டாயே சிரித்தது.

திரையில் ஒரு பெரிய அலை வந்தது. அடுத்த நொடி எஞ்சினியர் சொட்டச் சொட்ட நனைந்து கரையேறி, மணலில் மண்டியிட்டு வானத்தைப் பார்த்தார். "டேய், சட்டையக் கழட்டினவரு சட்டையோட வராருடா" என்று ஒருவன் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. சின்னப்பொண்ணு எஞ்சினியரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த கொஞ்சம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை.

ஆதியம்மாள், "வாடி, போயிரலாம்" என்று இழுத்தாள். சின்னப்பொண்ணு அசையவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எஞ்சினியர் கோர்ட்டுக்குத் தானாகவே வந்து, மேஸ்திரியை விடுங்கள், குற்றவாளி நான் என்கிறார். தப்பைச் செய்ததைவிடத் தெரிந்தும் பேசாமல் இருந்ததுதான் பெரிய தப்பு என்கிறார். ஜட்ஜே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை பெண்களும் அழுதார்கள். நல்ல படம், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய படம் என்று பேசிக்கொண்டே மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்கள்.

சின்னப்பொண்ணு அழவில்லை. வச்சலா வைத்துவிட்ட பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தூர எறியவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை.

மறுநாள் குப்பத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. தணிகைவேல் படகுக் கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்தான். எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"சட்டைய ஒசத்திப் புடிச்சாருண்ணே" என்றாள்.

அவன் ஊசி நின்றது.

"ஆட்டல. நேரா புடிச்சாரு. நீ எங்க நின்னுகினு இருந்தே?"

"கயித்தாண்ட" என்றான், வலைக் கண்ணையே பார்த்துக்கொண்டு. "எவனாச்சும் வேடிக்கை பாக்க உள்ள வந்துறக் கூடாதுன்னு கயிறு கட்டியிருந்தாங்க. அதுக்கு நானு காவல்."

"பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். ஓடினேன் சின்னப்பொண்ணு, சத்தியமா ஓடினேன். ரெண்டு பேரு கையப் புடிச்சி நிறுத்திட்டாங்க. மேனேஜரு கங்காதரன், 'காமிராவுக்கு முன்னாடி போவாத, எவ்ளோ நல்லா நடிக்கிறான் பாரு'ன்னாரு. 'நடிக்கல சார், அது எங்க சாடை, ஆளு கேக்குறான்'ன்னேன். 'கட் சொன்னதும் போ'ன்னாரு."

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க. போனேன். சட்டைதான் மிதந்துகினு இருந்துச்சு."

காற்று வலையின் ஒரு முனையைத் தூக்கிப் போட்டது. அவன் அதைக் காலால் மிதித்துக்கொண்டான்.

"அவனுக்கு இன்னா நீச்சலு தெரியாதா? அந்த பேண்ட்டு. தண்ணி குடிச்சி கல்லு மாதிரி ஆயிருச்சு. பூட்சை வேற கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வுட்டாங்க, அலையில கழண்டுக்கக் கூடாதுன்னு. கட்டி வுட்டதே நான்தான். அவனுக்குக் கட்டத் தெரியல."

அவள் கேட்காமலே அவன் மேலும் சொன்னான்.

"கரையெல்லாம் தேடுனோம். நீந்தி எங்கயாச்சும் ஏறியிருப்பான், ராத்திரிக்குள்ள வந்துருவான்னு மேனேஜரு சொன்னாரு. பெறவு தனியா கூப்புட்டு, 'நீ கூட்டியாந்த ஆளு, போலீசு வந்தா மொதல்ல உன்னத்தான் கேக்கும்'ன்னாரு. எனக்கு கை கால் ஓடல. நீ திருப்போரூர்லருந்து வந்து நிக்கிறே. வேன்ல போயிட்டான்னு வாயில வந்துருச்சு. காலையில ஒடம்பு ஒதுங்கும், அப்ப சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஒதுங்கல. அப்பறம் சொல்ல நாக்கு வரல."

"ரெண்டு வருசமா தினத்துக்கும் என் கூடையில ஒரு பங்கு மீனு போட்டுகினு இருந்தியே. அதுக்குத்தானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் அழுது அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவனை விட்டால் தனக்கு யாரும் இல்லை என்பதும் அதே நேரத்தில் தெரிந்திருந்தது.

"எழுந்திரு. ஊருக்கு முன்னால வந்து சொல்லு. நானு அந்த மனுசனுக்கு அழுவணும். இன்னிக்கி வரைக்கும் அழல."

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் நாட்டார் சடையப்பன் ஊரைக் கூட்டினார். தணிகைவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னான், ஒன்றும் மறைக்கவில்லை. பூட்ஸ் கட்டியதைக்கூடச் சொன்னான்.

சடையப்பன் கெட்டவர் இல்லை. நிதானமானவர். "ஏம்ப்பா, அன்னிக்கி இதே எடத்துல சாமி மேல ஆணையா வேன்ல போனான்னே. இன்னிக்கி கடல்ல போனான்றே. எந்த வாய நாங்க நம்பறது?"

"ஆதியம்மாளும் பாத்துச்சு நாட்டாரே. படத்துல கீது" என்றாள் சின்னப்பொண்ணு.

"படத்துலதான் அந்த எஞ்சினியரு கரையேறி வந்துட்டாரே" என்றான் கூட்டத்தில் ஒருவன். யாரோ சிரிக்க, சடையப்பன் முறைத்தார்.

"துணியில தெரியிறத வச்சி ஒரு பொண்ணு தாலியக் கழட்டுன்னு நானு சொல்ல முடியாது தாயி. நாளைக்கு அவன் உசுரோட வந்து நின்னா, ஊரு பாவத்த சுமக்கும். அந்தக் கம்பெனிக்காரன் வாயால சொல்லட்டும், வரதன் எங்க வேன்ல ஏறலன்னு. ஒரு வார்த்தை. மறுநாளே காரியம் பண்ணிரலாம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அடுத்த நாள் காலையில் அண்ணனும் தங்கையும் மாமல்லபுரம் தபால் ஆபீசில் நின்றார்கள். மேனேஜர் கங்காதரன் அன்று கொடுத்துவிட்டுப் போன அட்டையில் நம்பர் இருந்தது. தணிகைவேல் அதை இரண்டு வருஷமாகப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தான். ஒரு தடவைகூட அந்த நம்பருக்குப் பேசிப் பார்க்கவில்லை.

போஸ்ட் மாஸ்டர் ஜெகதாம்பாள் அம்மாள் பட்டணத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். காத்திருக்கச் சொன்னார். சின்னப்பொண்ணு சுவரோரம் குந்தி உட்கார்ந்து, என்ன சொல்வது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"யாருக்கும்மா போன்?" என்றார் ஜெகதாம்பாள்.

"சினிமா கம்பெனிக்கும்மா."

"நடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் பதிவேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி அடித்தது. ஜெகதாம்பாள் பேசினார், தலையாட்டினார், பிறகு ரிசீவரை நீட்டினார். "லைன் கெடச்சிருச்சு. அந்தப் பக்கம் மணி போவுது. எடுத்ததும் பேசு."

தணிகைவேல் கையை நீட்டினான். சின்னப்பொண்ணு கொடுக்கவில்லை. "மொதல்ல நானு கேக்குறேன். அவரு ஒத்துக்கலன்னா, நீ பேசு. அன்னிக்கி இன்னா நடந்துச்சோ, அத்த அவருகிட்டயே சொல்லு" என்றாள்.

"சொல்றேன்."

"அண்ணே, அவங்கள ஜெயில்ல போடணும்னு எனக்கு இல்ல. ஏறலன்னு ஒரு வார்த்தை. அவரு ஓடலன்னு."

"சொல்றேன் சின்னப்பொண்ணு."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இதுவரை அவள் போன் பேசியதில்லை. பட்டணத்தில் எங்கோ ஒரு அறையில், மேஜை நாற்காலி எல்லாம் இருக்கும் ஒரு இடத்தில், மணி அடிப்பது கேட்டது. நின்றது. மறுபடி அடித்தது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"எடுக்க மாட்டேங்குறாங்க போல. கட் பண்ணச் சொல்லவா?" என்றார் ஜெகதாம்பாள்.

"வேணாம்மா" என்றாள் அவள். "அங்கதான் இருப்பாங்க. இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.